தனியாள் உதவித்தொகை

குடியிருப்பு முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஓட்டல் சலவைக்கூடத்தில் ஆயுசு முழுக்க படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு, மணிக்கட்டு போனபின் வீட்டோடு உட்கார்ந்தவள். அரசாங்கம் மாதாமாதம் அவளுக்குத் தனியாள் உதவித்தொகை கொடுத்தது. வாடகைக்கு அதுதான் கதி. தனியாக இருந்தால் மட்டுமே தருவார்கள். கூட ஒரு ஆள் இருந்துவிட்டால் ராஜபோகம்தானே, பணம் எதற்கு என்று மேலே இருக்கிற புண்ணியவான்கள் நினைத்தார்களோ என்னவோ!

போன மழைக்காலத்தில், லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி, கண் மங்கி வேலை போன பிறகு, பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றான். "ரெண்டு நாள்தான்க்கா" என்றான். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. முடியவும் வேண்டாம் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அதற்கு முன் வருஷக்கணக்கில் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது உப்பு கூடிப்போச்சு என்று குறை சொல்லவாவது வீட்டில் ஒரு வாய் இருந்தது.

தனியாகத்தான் இருக்கிறாளா என்று சோதனைக்கு வரும் அதிகாரி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டதுமே தம்பி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கொடியில் கிடந்த அவன் சட்டையைச் சுருட்டி அக்கா தலையணைக்கடியில் தள்ளினாள்.

வந்தவள் நல்ல பெண். அதுதான் வம்பே! சிடுசிடுவென்று இருந்திருந்தால் அக்காவும் வெடுக்கென்று பதில் சொல்லி அனுப்பியிருப்பாள்.

"உங்க பழைய மனுவுல தம்பி ஒருத்தர் இருக்கார்னு போட்டிருக்கே. அவர் வந்து பாத்துக்க மாட்டாராம்மா?"

அக்காவின் கண் குளியலறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. எங்கோ இருக்கிறான் என்றிருக்கலாம். பேச்சுவார்த்தை இல்லை என்றிருக்கலாம்.

"அவன் செத்துட்டாம்மா" என்றாள்.

"ஐயோ, எப்படி?"

"லாரி கவுந்து."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடிப்பே இல்லை. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை என்றாள் அக்கா. கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்றாள். கேட்டவளுக்கும் கண் கலங்கிவிட்டது. தொகை தொடர்ந்து வரும், கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி வெளியே வர நேரமாயிற்று.

"என் சாவை நல்லாத்தான் எடுத்து நடத்தினக்கா" என்று சிரிக்கப் பார்த்தான்.

"வாய்ல வந்துடுச்சுடா."

"தெரியும்க்கா."

அன்று அவன் குறை எதுவும் சொல்லாமல் சாப்பிட்டான்.

மறுநாள் பெட்டியைக் கட்டினான். "கோவமெல்லாம் இல்லக்கா. அந்தப் பொண்ணு திரும்ப வரும். நான் இருந்தா உனக்கு இந்த வீடும் போயிடும்."

"எங்கடா போவ?"

"கூட ஓட்டினவன் ஒருத்தன், லாரி ஷெட்டுல படுத்துக்கோன்னான்."

வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்டாமல் நின்றான். எதற்கு நிற்கிறான் என்று அக்காவுக்குப் புரியாமல் இல்லை. போகாதேடா, பணம் போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைக் கீழே வைத்துவிடுவான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வாடகை ஞாபகம் வந்து தொலைத்தது. இந்த வயதில் தெருவில் நிற்க வேண்டிவருமே!

"குடையை எடுத்துட்டுப் போடா" என்றாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் கதவோரம் இருந்த குடையை எட்டி எடுத்துக்கொண்டு, இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டான்.