சோதனைச்சாவடியில் கடைசி நாள்

எல்லையைத் திறக்கப்போகிறார்கள் என்று ஊரே குதித்துக்கொண்டிருந்த அந்த 2007 டிசம்பரில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த ஆள் ஒருவன்தான். என்னோடு சாவடியில் வேலை பார்த்த ஓயார்ஸ்.

எங்களுக்கு ஊர் ஒன்று, நாடு இரண்டு. ஓடைக்குத் தெற்கே லாட்வியா, வடக்கே எஸ்டோனியா. நடுவில் கம்பிவேலி. தெருவுக்குக் குறுக்கே ஒரு கட்டை, அதன் பக்கத்தில் எங்கள் சாவடி. ரொட்டி வாங்கப் போகிறவனும் சரி, மாமியார் வீட்டுக்குப் போகிறவனும் சரி, எங்கள் ஜன்னலில் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இருபத்தொன்றாம் தேதி முதல் அதெல்லாம் கிடையாது, கட்டையை அறுத்துவிடுவார்கள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. எல்லையோரம் புதிதாக வரும் மதுக்கடையில் கல்லாவில் உட்கார ஏற்கனவே பேசி வைத்திருந்தேன். எஸ்டோனியாவில் சாராயம் விலை ஏற ஏற, அவர்கள் எங்கள் பக்கம் வந்துதான் வாங்குவார்கள், எனக்கு வேலை நிரந்தரம்.

ஓயார்ஸின் கவலைக்குப் பெயர் லேலோ.

அவள் எஸ்டோனியாக்காரி. வாரத்தில் ஐந்து நாள், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நடனம் பழகும்போது அக்கார்டியன் வாசிக்க வருவாள். மத்தியானம் ஒரு மணிக்கு வருவாள், ஐந்து மணிக்குத் திரும்புவாள். ஏழு வருடமாக இதே கதை. முதுகில் அந்த வாத்தியப் பெட்டியைச் சுமந்துகொண்டு, லேசாக முன்னால் குனிந்து நடந்து வருவாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே ஓயார்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொள்வான். நான் எழுந்து கெண்டியில் தண்ணீர் வைக்கப் போய்விடுவேன். நான் போட்ட தேநீரில் பாதி, இவனுக்கு ஜன்னலை விட்டுக்கொடுக்கப் போட்டதுதான்.

ஆரம்பத்தில் அக்கார்டியனுக்கும் ஒரு சீட்டு உண்டு. இந்த வாத்தியம் இன்று நாட்டுக்குள் வருகிறது, இன்றே திரும்பிப் போகும் என்று எழுதி முத்திரை குத்த வேண்டும். அது சுங்கக்காரர்கள் வேலை. இவன் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான். கல்யாணப் பத்திரிகை எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக எழுதுவான். நான்கு நிமிடம் ஆகும். இரண்டாயிரத்து நான்கில் இரண்டு நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன, அந்தச் சீட்டு ஒழிந்தது. அன்றைக்கு இவன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. மிச்சம் இருந்தது பாஸ்போர்ட் மட்டும். அதைப் பார்க்க அரை நிமிடம் போதும், இவன் ஒன்றரை நிமிடம் பார்ப்பான். அந்த ஒன்றரை நிமிடத்துக்கும் இப்போது முடிவு வந்துவிட்டது.

அவளுக்கு லாட்வியன் வராது, இவனுக்கு எஸ்டோனியன் வராது. இருவரும் பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்குப் படித்த ரஷ்யனில்தான் பேசியாக வேண்டும். ஏழு வருடத்தில் பேசியது என்ன? "வணக்கம்." "நன்றி." பனிக்காலமாக இருந்தால் கூடுதலாக, "வழுக்குது, பார்த்துப் போங்க." அவ்வளவுதான். அவளுக்குப் பிறந்தநாள் மார்ச் மூன்று. அன்று காலையில் வந்ததும் ஜன்னல் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைப்பான். ஆனால் வாழ்த்துச் சொல்லமாட்டான். பாஸ்போர்ட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்து வாழ்த்தக்கூடாதாம்.

அவள் விவாகரத்தானவள் என்பதை ரொட்டிக்கடையில் விசாரித்து வந்து சொன்னவளே நான்தான். இவனுக்கு நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. பிறகு என்னடா தடை என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் எனக்கே பொறுமை போய்விட்டது.

"ஒரு காபி குடிக்கலாமான்னு கேக்கறதுக்கு வாய்ல என்னடா வச்சிருக்க?"

"கேக்கக்கூடாது அக்கா."

"ஏன், கேட்டா கடிச்சிடுவாளா?"

அவன் முத்திரைக்கட்டையை எடுத்து என் முன்னால் வைத்தான். "இது என் கையில இருக்கு. அவங்க தினம் ரெண்டு தடவை இந்த ஜன்னல் வழியாத்தான் போயாகணும். வேற வழி கிடையாது. நான் கேட்டு, அவங்களுக்குப் பிடிக்கலன்னா என்ன செய்வாங்க? 'மாட்டேன்'னு சொல்லிட்டு மறுநாளும் என் மூஞ்சியைத்தானே பார்க்கணும்? அப்படி மாட்டிக்கிட்டவங்ககிட்ட கேக்கறது கேள்வியே இல்ல அக்கா."

 முட்டாள் என்று நினைத்தேன். அதே சமயம், இருபது வருடம் முன்னால் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர்களில் ஒருவனுக்காவது இந்த முட்டாள்தனம் இருந்திருக்கக் கூடாதா என்றும் நினைத்தேன்.

"சரி, எல்லை திறந்ததும் கேளு."

"திறந்ததும் அவங்க ஏன் இந்த ஜன்னல் பக்கம் வரப்போறாங்க? பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஓடையைத் தாண்டிப் போயிடலாம். நானும் இங்க இருக்கமாட்டேன்."

அதுதான் பெரிய சிக்கல். சாவடியை மூடியதும் எங்களில் வேலையில் நீடிக்க விரும்புகிறவர்கள் ரஷ்ய எல்லைக்குப் போக வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வீடு தருவார்கள், சம்பளமும் கூட. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு இருபத்தொன்றாம் தேதி பன்னிரண்டு மணிக்குள் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். ஓயார்ஸ் அந்தத் தாளை நான்காக மடித்து மார்புப் பையில் வைத்திருந்தான். அவளைப் பார்க்க முடியாவிட்டால் எந்த எல்லையில் நின்றால் என்ன என்பது அவன் கணக்கு. வாய் திறக்காமலே அவன் கிழக்கே போய்விடுவான் என்று எனக்குப் பயம். தம்பி இல்லாத எனக்கு அவன் தம்பி மாதிரி.

இருபதாம் தேதி வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு லேலோ வந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து, மறுநாள் விழாவுக்கு மேடை போட வந்த லாரி ஒன்று கட்டைக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் பத்துப் பேர். ஓயார்ஸ் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், கொடுத்தான், "வழுக்குது, பார்த்துப் போங்க" என்றான். போய்விட்டாள். எனக்கு அந்த லாரிக்காரனை இழுத்து வைத்து அறையவேண்டும் போல இருந்தது.

"பரவாயில்லக்கா, அஞ்சு மணி இருக்கு" என்றான். 

மூன்று மணிக்கு நகராட்சி ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலியைப் பிரித்துவிட்டார்கள். மறுநாள் செய்ய வேண்டிய வேலை. ஆர்வக்கோளாறு! சட்டப்படி அது தப்பு, ஆனால் அந்த நாளில் யார் யாரைப் பிடிப்பது? சனங்கள் ஓடையின் மேல் பலகையைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தார்கள். சும்மா, போகலாம் என்பதற்காகவே போனார்கள். கிழவர்கள் கூடப் போய் எஸ்டோனிய மண்ணில் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஜன்னலுக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. இருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஓயார்ஸ் தொப்பியைச் சரிசெய்தான். ஐந்தேகால். மறுபடி சரிசெய்தான். ஐந்தரைக்குத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான்.

"அந்த வழியா போயிருப்பாங்க" என்றான். "அதுதான் கிட்டக்க. முதுகுல பாரம் வேற."

மார்புப் பையிலிருந்து சம்மதத் தாளை எடுத்து விரித்தான். பேனாவைத் தேடினான். மேசைமேல் கிடந்த பேனாவை நான் எடுத்து என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்?

அப்போது ஜன்னலுக்கு வெளியே பெட்டியின் உலோகப் பூட்டு மின்னியது.

லேலோ நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது, மூக்கு நுனி சிவந்திருந்தது. வழக்கம்போல பாஸ்போர்ட்டை நீட்டினாள். ஓயார்ஸ் தொப்பி போடக்கூட மறந்துவிட்டான்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வேலி எடுத்துட்டாங்களே. எல்லாரும் அங்கதான் போறாங்க" என்றான். ஒரு மனிதன் இவ்வளவு அசடாக இருக்க முடியுமா!

"அப்படியா? எனக்குத் தெரியாது" என்றாள் லேலோ.

அவள் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் அந்த ஓடைதான் தெரியும். நான் கெண்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். காது மட்டும் ஜன்னலிலேயே இருந்தது.

ஓயார்ஸ் அவள் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு குனிந்து, தன் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு பாஸ்போர்ட்டை எடுத்து ஜன்னல் வழியாக அவள் பக்கம் தள்ளினான். அது அவனுடையது. காலையில் வீட்டு அலமாரியைக் குடைந்து எடுத்து வந்திருக்கிறான், என்னிடம் கூடச் சொல்லவில்லை.

"இது எதுக்கு?" என்றாள்.

"ஏழு வருஷமா நான் உங்களுடையதைப் பார்க்கறேன். உங்க பேரு, பிறந்த நாள், முன்னாடி வச்சிருந்த முடி, எல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்கு என் பேரு கூடத் தெரியாது. அது நியாயமில்ல." அவனுடைய ரஷ்ய மொழி தடுமாறியது. "நீங்க பாருங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. பிடிக்கலன்னா மூடிக் குடுத்துட்டுப் போங்க. நான் நாளைக்குக் கிழக்கே போயிடுவேன், என் மூஞ்சியை நீங்க மறுபடி பார்க்க வேண்டியதே இல்ல."

கெண்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை.

லேலோ கையுறையைக் கழற்றினாள். பாஸ்போர்ட்டை விளக்குக்குக் கீழே பிடித்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். போட்டோவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாது. எங்கள் வேலையை எங்களைவிட நன்றாகச் செய்தாள்.

"பேரு?"

"ஓயார்ஸ்."

"கொஞ்சம் சத்தமா."

"ஓயார்ஸ்!"

பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் வெள்ளை. "ஒரு முத்திரை கூட இல்லையே. எங்கயும் போனதே இல்லையா? எங்க பக்கம் கூட? பத்து அடிதானே?"

"எனக்கு அங்க யாரும் இல்லையே. யாரைப் பார்க்கன்னு போறது?"

அவள் மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தாள். விரலை வைத்து ஒரு வரியைப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"மன்னிக்கணும். இது செல்லாது."

ஓயார்ஸ் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன், கெண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"காலாவதியாகி பதினோரு மாசம் ஆச்சு" என்றாள் லேலோ.

பத்து வருடமாக ஊர்ப்பட்ட பேரின் தேதிகளைச் சரிபார்த்தவன், தன் தேதியைப் பார்க்கவில்லை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவனோ காது வரை சிவந்து, தரையில் பள்ளம் இருந்தால் இறங்கிவிடுவான் போல நின்றான். கையை நீட்டினான், திருப்பித் தந்துவிடுவாள் என்று.

அவள் தரவில்லை. அதை மூடித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"செல்லாததைப் பறிமுதல் பண்ணணும். அதுதானே விதி? நாளைக்கு வந்து வாங்கிக்குங்க. ரயில் நிலையத்துக்குப் பின்னால மஞ்சள் மரவீடு, ரெண்டாவது மாடி. அழைப்பு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டுங்க. இதெல்லாம் பாஸ்போர்ட்ல இருக்காது, அதான் சொல்றேன்."

"ஆனா பாஸ்போர்ட் இல்லாம நான் எப்படி..."

"நாளையிலேர்ந்துதான் யாரும் கேக்க மாட்டாங்களே."

அவன் வாயைத் திறந்தான். எனக்குத் தெரியும் இவனை. எல்லை திறந்தாலும் சட்டப்படி ஓர் அடையாளச் சான்று கையில் இருக்க வேண்டும் என்று விளக்கப்போகிறான். ஓடிவந்து அவன் காலை ஓங்கி மிதித்தேன். வாய் மூடிக்கொண்டது.

"வருவார்ம்மா" என்றேன் நான், அவன் சார்பில்.

லேலோ சிரித்தாள். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரண்டடி நடந்தவள், திரும்பி நின்றாள். "வழுக்கும். பார்த்து வாங்க, ஓயார்ஸ்."

மறுநாள் காலை பேண்டு வாத்தியம், பேச்சு, இஞ்சி ரொட்டி, இரண்டு நாட்டுக் கொடி. கட்டையை அறுத்தார்கள், துண்டுகளை ஞாபகத்துக்கு என்று சனங்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். நான் சாவடியில் மேசை இழுப்பறைகளைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஓயார்ஸ் சீருடை இல்லாமல், தலையைப் படிய வாரி, எங்கள் கிறிஸ்துமஸ் பண்டமான, வறுத்த பன்றி இறைச்சி போட்ட சாம்பல்நிறப் பட்டாணியை ஒரு பாத்திரத்தில் துணி சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். கட்டை இருந்த இடத்தில் கால் தானாக நின்றுவிட்டது. பழக்கதோஷத்தில் என் ஜன்னலைப் பார்த்தான், அனுமதி கேட்பவன் மாதிரி. "போடா!" என்று கையை வீசினேன். போனான். கூட்டத்துக்குள் அவன் தலை மறையும் வரை பார்த்தேன். கண் கலங்கியது, குளிர் என்று பொய் சொல்லமாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி சம்மதத் தாள்களைச் சேகரித்துக்கொண்டு வந்தார்.

"ஓயார்ஸ் தாள் மட்டும் வரல. எங்க அவன்?"

"வெளிநாடு போயிருக்கான் சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப வருவான்?"

"முதல் தடவையா போயிருக்கான்" என்றேன். "அவசரப்படுத்தாதீங்க."