கனமான பக்கம் கீழே

சுவர்த்தாள் ஒட்டி முடித்த புதன்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு, எடை ஆய்வாளர் வீட்டு நடு அறையில் இருந்த அத்தனை சாமான்களும் கூரையில் போய் விழுந்தன. தையல் மிஷின், துணி அலமாரி, இஸ்திரிப் பெட்டி, முக்காலி, பசை வாளி, வாளியோடு தாள் ஒட்டுகிறவர். பெரிய சேதம் ஒன்றும் இல்லை. அலமாரியின் ஒரு கீல் போனது, தாள் ஒட்டுகிறவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் எழுந்து உட்கார்ந்து, தலை நிறைய பசையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கடைசி இணைப்பை இன்னொரு தடவை உருளையால் தேய்த்துவிட்டார். முப்பது வருஷத் தொழில், கை சும்மா இருக்குமா?

அந்தத் தாளைத் தேர்ந்தெடுக்க ஆய்வாளரின் மனைவிக்கு ஏழு மாதம் ஆயிற்று. அவர் தையல்காரர். கோடு போட்ட துணியில் கை தைத்தால் கோடு உடம்போடு இம்மி பிசகாமல் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர். மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து சுவரில் குத்தி, காலை வெயிலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, விளக்குப் போட்டு ஒரு தடவை என்று பார்ப்பார். இலை போட்டது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. கோடு போட்டது கண்ணைச் சுற்ற வைத்தது. ரோஜாப்பூப் போட்டதைப் பார்த்துவிட்டு ஆய்வாளர், “சுவத்துக்கு எதுக்குச் சட்டை?” என்று கேட்டார். அதையேதான் மற்ற நாற்பத்தோரு மாதிரிக்கும் கேட்டார். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் என்று தெருவில் யாராலும் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. காப்பியின் சூட்டிலிருந்து கதவைச் சாத்துவதா திறப்பதா என்பது வரை வழக்குத்தான்.

கடைசியில் படகு போட்ட தாள் வந்தது. அசையாத ஏரி, அதில் வரிசையாகப் படகுகள், ஒவ்வொரு படகிலும் தொப்பி வைத்த ஓர் ஆள், கீழே தண்ணீரில் அவரவர் பிம்பம். வரைந்தவன் பொல்லாத கைக்காரன். பிம்பத்தையும் படகைப் போலவே தொப்பி முனை வரை வரைந்திருந்தான். படகு அழுத்தமான நீலம், பிம்பம் கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். தாள் ஒட்டுகிறவர் தூக்குக்குண்டு விட்டுச் சுவரில் நேர்கோடு போட்டுக்கொண்டு, முதல் சுருளை விரித்துப் பார்த்துத் திகைத்துப்போனார். இப்படிப் பிடித்தாலும் படகு, அப்படிப் பிடித்தாலும் படகு. வீட்டுக்காரம்மா வாசலில் ஒருவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். “இதுல எது மேல, எது கீழ?” என்று தாள் ஒட்டுகிறவர் பொதுவாகக் குரல் கொடுத்தார்.

ஆய்வாளர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கனமானது கீழே போகும் என்பதை வைத்துத்தான் சாப்பிடுகிறார். அதனால் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “கனமான பக்கம் கீழே. இதுல கேக்க என்ன இருக்கு?” என்றார்.

கனமாகத் தெரிந்தது அழுத்தமான நீலம். அதைக் கீழே வைத்து ஒட்டினார் தாள்காரர். ஒன்பது சுருள், இருபத்தேழு பட்டை. இணைப்புகள் அற்புதமாகச் சேர்ந்தன, குறை சொல்ல வழியில்லை. படகுகள் மட்டும் கவிழ்ந்திருந்தன. நாலு சுவரும் ஒரே பேச்சாக இதுதான் மேலே என்று தரையைக் காட்டினால் பாவம் ஓர் அறை என்ன செய்யும்? கடைசிப் பட்டை ஒட்டியதும் அது ஒத்துக்கொண்டுவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தையல்காரர், வெளியே ஏணி போட்டு, கதவு நிலையின் மேல்கட்டை வரை ஏறி, தலையை உள்ளே நுழைத்து ஒரு குட்டிக்கரணம் போட்டார். கூரையில் காலூன்றி நின்று பார்த்தால் படகுகள் நேராக இருந்தன. ஏரி ஏரியாக இருந்தது. காலடியில் பளிங்கு மாதிரி வெள்ளைத் தரை. நடுவில் முளைத்துக்கொண்டிருந்த மின்விசிறிதான் கொஞ்சம் இடைஞ்சல், அதன் இறக்கைகளைக் கழற்றிவிட்டார். ஆய்வாளர் வாசலில் நின்று, “முதல்ல ஒரு ஓரத்தைப் பிடிச்சு உரி!” என்று கத்தினார். “நான் பாத்துப் பாத்து எடுத்தது. நீங்க தலைகீழா நின்னாலும் உரிக்க விடமாட்டேன்” என்று அந்த அம்மாள் தலைகீழாக நின்று சொன்னார். யார் ஒட்டச் சொன்னது என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. ஆய்வாளர் எடுக்காததற்குக் காரணம் தெரிந்ததுதான்.

அன்றிலிருந்து அந்த அம்மாள் காவலுக்கு உள்ளேயே தங்கிவிட்டார். குளிக்கவும் சமைக்கவும் மட்டும் இறங்குவார், அதுவும் ஆய்வாளர் வேலைக்குப் போன பிறகு. அவர் திரும்பி வரும்போது அவருக்கான சாப்பாடு மேசையில் மூடியிருக்கும், மனைவி கூரையில் இருப்பார். துணி தைக்க வருகிறவர்கள் முதல் வாரம் முகத்தைச் சுளித்தார்கள், இரண்டாம் வாரம் ஏணியில் ஏறப் பழகிக்கொண்டார்கள். நல்ல தையல்காரர் கிடைப்பது லேசா?

ஆய்வாளருக்குத்தான் மனசு ஆறவில்லை. முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து வாசலிலிருந்து உள்ளே நீட்டி விட்டார். அது கூரைக்குப் போய் மனைவியின் கால் பக்கத்தில் ணங்கென்று விழுந்தது. “கவர்மெண்ட் கல்லும்மா இது!” என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் உள்ளே வரவில்லை. வந்து மேலே போய் விழுந்தால், மறுநாள் கடைக்காரன் முன்னால் தராசைத் தூக்கிப் பிடிக்கக் கை வருமா என்று பயம். இப்படிப் பதினொரு மாதம். பத்தொன்பது வருஷம் சண்டை போட்டவர்களுக்கு இப்போது சண்டை போடவும் ஆள் இல்லை. ராத்திரிச் சோற்றை அவர் தனியாக உட்கார்ந்து தின்றார். ரொம்ப மோசமாக இருந்தது என்று பின்னால் அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

சுவர்த்தாளைப் பராமரிக்கத் தாள்காரர் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஓரம் தூக்கினால் அன்றைக்கே பசை வைக்க வேண்டும். ஆவி ஆகவே ஆகாது. “ஒரே ஒரு பட்டை முழுசா கழண்டாப் போதும்மா, ரூமுக்குப் பழைய ஞாபகம் வந்துடும்.” தையல்காரர் முதல் இரண்டையும் மந்திரம் மாதிரி கடைப்பிடித்தார். மூன்றாவதை எப்படிக் கடைப்பிடிப்பது? நாள் முழுக்க ஈரத்துணி போட்டு இஸ்திரி போடுகிற பிழைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மூலைப் பட்டையின் உச்சி, அதாவது நம் கணக்கில் தரையோரம், சர்ரென்று பிரிந்து மடிந்தது. அவர் மிஷின் மேசையில் ஏறி ஒட்டடைக் குச்சியால் அதை முட்டுக்கொடுத்துப் பிடித்தார். குச்சியை எடுத்தால் பட்டை முழுவதும் வந்துவிடும். வந்தால் அவரும் அலமாரியும் மிஷினும் பத்தடி உயரத்திலிருந்து ஒன்றாக விழ வேண்டியதுதான். கை கடுக்க ஆரம்பித்தது.

“ஏங்க!” என்று கூப்பிட்டார். பதினொரு மாதத்தில் முதல் தடவை. “ஏங்க, சீக்கிரம் வாங்க, விழுந்துடுவேன் போலிருக்கு!”

ஆய்வாளர் தாள்காரர் விட்டுப்போன பசைப்பொடியைக் குவளையில் கரைத்தார். பாதி தரையில் சிந்தியது. ஏணியில் ஏறினார். மேல்கட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டார். தன் வேலை, தன் முத்திரை, இருபத்திரண்டு வருஷ மரியாதை எல்லாம் கண் முன்னால் வந்ததாம். உள்ளே மனைவியின் முழங்கை மடங்குவது தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை நுழைத்தார். மின்விசிறிக் காம்பில் இடித்துக்கொண்டு விழுந்தார்.

“வந்துட்டீங்களா. கொட்டிட்டீங்களா?”

“குவளையில கொஞ்சம் இருக்கு.”

மேசையில் மனைவியின் பக்கத்தில் ஏறி நின்று, நுனிவிரலில் எக்கி, வெறும் கையால் பசையைத் தடவினார். மனைவி குச்சியைத் தளர்த்தத் தளர்த்த, இவர் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மேலேற்றினார். படகும் படகும் கோடு பிசகாமல் சேர்ந்தன. இணைப்பை நூல்கண்டால் உருட்டிவிட்டார். பசை காயும் வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் முகத்துக்கு முகம் நின்றால் ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும்?

“கனமான பக்கம் கீழேன்னு அன்னிக்குச் சொன்னது நான்தான்” என்றார் ஆய்வாளர்.

“தெரியும். அஞ்சாவது பட்டையிலேயே படகு கவுந்திருக்கறதைப் பாத்துட்டேன்.”

“அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா நீங்க நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பீங்க. ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு விட்டேன்.”

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கை ஆடும் என்று அந்த அம்மாள் அதட்டினார், அப்புறம் அவரும் சிரித்தார். மறுவாரம் கட்டிலும் அங்கே போனது. ஆய்வாளர் தினமும் காலையில் குட்டிக்கரணம் போட்டு இறங்கி வேலைக்குப் போனார், தராசில் ஒரு தவறும் வரவில்லை. குடும்ப அட்டைக்கு விசாரிக்க வந்த குமாஸ்தா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, “ரெண்டு பேர், கூரையில்” என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சண்டை மட்டும் பழையபடி நடந்தது. இப்போது அது மேலிருந்து கேட்கிறது, அவ்வளவுதான்.

பதினாலாம் வருஷம் தாள் மங்கிவிட்டது. புதுத் தாளை அவர்கள் ஒன்பது மாதம் தேடினார்கள், மாதிரிக்கு மாதிரி அடித்துக்கொண்டார்கள், கடைசியில் வாத்து போட்டது ஒன்று வந்தது. தாள் ஒட்டுகிறவருக்கு நரைத்திருந்தது. ஏணியின் கீழே நின்று, “இந்தத் தடவை பழசை உரிச்சிட்டு நேராவே ஒட்டிடட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்று மேலிருந்து இரண்டு குரல் ஒரே நேரத்தில் வந்தது. முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் முறை. சொன்னவர்களே திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாள் ஒட்டுகிறவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வாளிக்கு மூடி போட்டு இறுக்கி, அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.