வெளுக்காத வேம்பு

காலேப் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். அந்த வருஷம் அவனைப் பிடித்துக்கொண்டது, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படம் எடுக்கும் பைத்தியம். கேம்ப் ரோடு ஸ்டுடியோவில் கருத்துப்போன பிலிம் துண்டுகள் இரண்டைக் கேட்டு வாங்கி, டிஜிட்டல் கேமராவின் லென்ஸுக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டினான். நம் கண்ணுக்கு அந்தத் துண்டு கும்மிருட்டு. அகச்சிவப்புக் கதிர் மட்டும் அதற்குள் நுழைந்து போய்விடும். கேமராவுக்கு அந்தக் கதிர் தெரிகிறதா என்று டிவி ரிமோட்டை அமுக்கிப் பார்த்தான். திரையில் ரிமோட்டின் நுனி பொட்டாக மின்னியது. அன்றைக்கு வேலை பார்க்கும் மெப்ஸ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டான்.

சேலையூர் வெயிலில் எடுத்த படங்களில் வானம் கருத்து, இலையெல்லாம் பஞ்சாக வெளுத்து நின்றது. உயிருள்ள இலை அந்தக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடுமாம். ஒரே தொல்லை, ஒரு படம் பதியச் சில விநாடிகள் பிடிக்கும். அதுவரை மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். ஏப்ரலில், வாசல் வேம்பு பூத்துக் கொட்டிய சமயம், மகள் பெனினாவை அதன் அடியில் உட்கார வைத்து எடுத்தான். படத்தில் அவள் நெஞ்சுப் பக்கம் கலங்கிப்போய் விழுந்தது.

"அசையாதேன்னு சொன்னேன்ல, பாப்பா?"

"அசையலப்பா."

நல்ல படம் பாழாகிவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க முணுமுணுத்தான்.

ஆகஸ்டில் மொட்டைமாடியிலிருந்து தெருவை எடுத்தான். எல்லா மரமும் வெள்ளை. அவன் வீட்டு வேம்பில் மட்டும் வீட்டுப் பக்கம் சாய்ந்த பாதி, கரி பூசினாற்போல் கிடந்தது. நேரில் பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பிலிமைத் துடைத்தான், கேமராவைத் தலைகீழாகவும் வைத்து எடுத்தான். கருப்பு அந்தக் கிளைகளை விட்டு நகரவில்லை. மரம் பட்டுக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியத்தான் நாளாகும் என்று அவனுக்குப் புரிந்தது. மனை வாங்கியதும் அவன் கையால் நட்ட மரம் அது.

இறங்கி வந்து அடிமரத்தைத் தடவினான். சுவர் ஓரமாக, மண் பூசி அடைத்த துளை ஒன்று. சுரண்டி முகர்ந்தான். பெருங்காயம். மரத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்க ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி அதுதானே.

யார் என்று அவன் யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பூவராகன் சொந்தமாக வேன் ஓட்டுபவர். வண்டியைத் திருப்ப இந்த மரம் இடைஞ்சல் என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார். அவரிடம் ட்ரில் மெஷினும் உண்டு. காலேபுக்கு அது போதும். கேமராவோடு போய் அவர் வாசலில் நின்றான்.

"நல்லா இருப்பீங்களா? வாயில்லாத மரத்தைக் கொல்ல எப்படி மனசு வந்தது?"

பூவராகன் குட்டித் திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னா தம்பி இது? ஒண்ணும் பிரியல."

"இந்தத் தெருவுல ட்ரில் யார்கிட்ட இருக்கு?"

"என்னாண்டதான் கீது. ஆனா அத்த உங்க வூட்ல..." என்று தொடங்கியவர், காலேபின் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்து நிறுத்திக்கொண்டார். "வுடு தம்பி. மரத்துல கை வெக்கிற ஆளு நான் இல்ல."

காலேப் விடுவானா? வண்டி ஓட்டுகிறவன் புத்தி என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி பேசினான். ஏப்ரலில் பெனினாவுக்கு மூச்சுத் திணறியபோது, அதே வண்டியில்தான் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அந்த நினைப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ. பூவராகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அவரை விடுங்க." பின்னால் வந்து நின்றிருந்த அவன் மனைவி ஜோவிதா சொன்னாள். "கர்ட்டன் கம்பி மாட்டணும்னு பொய் சொல்லி நான்தான் ட்ரில் வாங்கினேன். நான்தான் பெருங்காயம் வெச்சேன்."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?"

"வேப்பம்பூதான் பாப்பாவுக்கு ஆகலைன்னு டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க. ஒவ்வொரு வருஷமும் பூக்கறப்போ மரத்தை வெட்டிடுங்கன்னு உங்ககிட்ட கெஞ்சினேன். வேப்பங்காத்து மருந்துன்னீங்க. டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னீங்க. நான் வேற என்ன பண்ண?" அவள் குரல் உயரவில்லை. "பாதிதான் பட்டிருக்குன்னு உங்க படமே சொல்லுதே. மீதி மறுபடி பூக்கும்."

காலேப் வீட்டுக்குள் போய்க் கம்ப்யூட்டரில் அந்த ஏப்ரல் படத்தைத் திறந்தான். மரம் வெள்ளை வெளேரென்று நின்றது. அடியில் பெனினா, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கை அசையவில்லை, கால் அசையவில்லை. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டதில் கலங்கியிருந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அப்பா சொன்னாரே என்று, மூச்சைத் தவிர மற்றதையெல்லாம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் படம் பாழ் என்று சலித்துக்கொண்டான். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி பூவராகன் வாசலுக்குப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான், வாயில் வந்தது வேறு.

"அண்ணா, மரம் வெட்டறவங்க யாராவது தெரியுமா?"

பூவராகன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை வாளியில் அலசிப் பிழிந்தார்.

"தெரியும். காலைல அனுப்பறேன், சார்."

அதுவரை அவனை அவர் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.