மூன்றாம் தந்தி, இரண்டாம் ஃப்ரெட்

எட்டு மாதமாகச் செய்த கிடாரில் ஒரே ஒரு சுரம் செத்துக் கிடந்தது. மூன்றாம் தந்தி, இரண்டாம் ஃப்ரெட், அதாவது கழுத்தில் விரல் வைத்து அழுத்துகிற இரண்டாவது கட்டை. மற்றதெல்லாம் மணிமணியாகப் பேச, அது மட்டும் டொக்கென்று விழுந்தது. மெர்வின் திரும்பத் திரும்ப அதையே மீட்டினார். சனிக்கிழமை கருமத்தம்பட்டியில் அவருடைய கச்சேரி. நான் செய்ததை வாசிப்பதா, ஸ்பெயினிலிருந்து வரவழைத்த தன் பழைய கிடாரையே வாசிப்பதா என்று முடிவு செய்யத்தான் உக்கடத்தில் எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். பழையதையும் பெட்டியோடு தூக்கி வந்திருந்தார். அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

"கம்பி புதுசுங்க. ரெண்டு நாள் வாசிச்சா சரியாப் போயிருமுங்க," என்றார் என் வீட்டுக்காரர் உமர் பாரூக். கதவு, கட்டில் செய்கிறவர். ஆளைச் சமாளிப்பதில் கெட்டிக்காரர். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க, சும்மா இருங்க. கம்பி மேல பழி போடாதீங்க," என்றேன். "தப்பு என்னுதுங்க, மெர்வின் தம்பி."

காரணத்தையும் சொன்னேன். மேல்பலகையை மெலிதாக்கும்போது அளவுகருவியை நான் நம்புவதில்லை. விரலால் தட்டித் தட்டி, சத்தம் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கியதும் சீவுவதை நிறுத்திவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் இதைத் தட்டியது ஆடி மாதம். பாலக்காட்டுக் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து பட்டறைக்குள் கொட்டுகிற நேரம். ஈரமரம் சத்தத்தைத் தாழ்த்திக் காட்டியது. நானும் போதுமென்று விட்டுவிட்டேன். இப்போது பங்குனி. மரம் காய்ந்து விறைத்து, அதன் சொந்தச் சத்தம் ஏறி வந்து, சரியாக அந்தச் சுரத்தின் மேலேயே உட்கார்ந்து அதை விழுங்குகிறது.

"இப்ப என்னங்கக்கா பண்றது?"

"உள்ள ஒட்டியிருக்கிற சட்டத்தைத் தேய்க்கோணும். கொஞ்சம் கூடிப்போனா பலகை தொய்ஞ்சு போயிருமுங்க. அப்பறம் இது கிடார் இல்லீங்க, வெறகு."

"வேண்டாம் சாஜிதா," என்றார் உமர். "நல்லாத்தான இருக்குது."

இந்த 'நல்லாத்தான இருக்குது' என்ற பேச்சே எனக்கு ஆகாது. தந்திகளைத் தளர்த்தினேன். வளையல்களைக் கழற்றி வைத்தேன். உமரின் கை கிடாரின் நடுத்துளைக்குள் மணிக்கட்டோடு நின்றுவிடும்; என் கை முழங்கை வரை போகும். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சட்டத்தைத் தடவித் தடவித் தேய்த்தேன். பத்து இழுப்பு இழுத்துவிட்டு வெளியே தட்டிப் பார்ப்பேன். மறுபடி பத்து. நாற்பதாவது இழுப்புக்குப் பிறகு சத்தம் ஒரு நூல் இறங்கியது. இன்னும் ஐந்து இழுத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

மெர்வின் சுருதி சேர்த்து, அந்த ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினார். சுரம் அடங்காமல் நின்றது. வெளியே அடித்த பஸ் ஹாரன் ஓய்ந்த பிறகும் நின்றது. அவர் ஒரு முழுப் பாட்டை வாசித்து முடித்தார். பிறகு ஸ்பெயின் கிடாரை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்தப் பெட்டியில் என்னுடையதை வைத்து மூடினார்.

"அது இங்கயே இருக்கட்டுங்கக்கா. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமைதான், வேறென்ன. நான் மறைக்கவும் இல்லை.

உமர்தான் பெட்டியை ஆட்டோ வரைக்கும் சுமந்து போனார். உள்ளே என்ன என்று ஆட்டோக்காரர் கேட்டது என் காதில் விழுந்தது.

"கிடாருங்க," என்றார் உமர். "எங்கூட்டுக்காரி செஞ்சது. ஒரு தப்பு இருந்துச்சு. அதையும் அவளே சொல்லிப்போட்டு, அவளே சரி பண்ணிப்போட்டா."