மல்லாந்த பாஸ்டர்

இரண்டு குளிர்சாதனப் பெட்டி கனமுள்ள ஒரு பாஸ்டரை, விரல் நகம்கூடப் படாமல், தன் வீட்டுக் கூடத்திலேயே மல்லாக்கச் சாய்த்தவர் டோரதி அக்கா. பினாங்கில் மட்டுமில்லை, பாலம் தாண்டி அந்தக் கரையிலும் இப்படி ஒரு பெண்பிள்ளை கிடையாது. எதிர்வீட்டுப் பிச்சைமுத்து மட்டும் இதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. பாலிக் புலாவில் தான் முறைத்த முறைப்பில் டுரியான் பழம் மரத்திலிருந்து தானாக விழுந்தது என்று அக்கா சொன்ன கதையையும் கேட்டவர் அவர்தான்.

எல்லாம் கிறிஸ்டலால் வந்தது. அக்காவின் மூத்த சகோதரி மகள், அக்காவோடு தங்கியிருக்கிறவள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சிறு வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை போட்டால் ஒன்றுமில்லை. விட்டால் போன வருஷம் மாதிரி குளியலறையில் விழுந்து தாடை கிழியும். கூட வேலை பார்க்கும் பெவர்லி, நல்ல எண்ணத்தில்தான், தன் சபைப் பாஸ்டர் பிரையனை ஜெபிக்க அழைத்து வந்தாள்.

அவர் ஒலிபெருக்கிப் பெட்டியோடு வந்தார். கூடவே இரண்டு வாட்டசாட்டமான ஆட்கள். பாஸ்டர் நெற்றியில் கை வைத்தால் ஜனங்கள் பின்னால் சாய்வார்களாம். சாய்கிறவர் முதுகுப்பக்கம் நின்று தாங்குவதுதான் இவர்களுக்கு ஊழியம்.

"இது நோய் இல்ல சிஸ்டர், அசுத்த ஆவி," என்றார் பாஸ்டர், மைக்கைப் பிடித்து, மூன்று மாடிக்குக் கேட்கும்படி. "மாத்திரைய நம்புற வரைக்கும் அது போகாது. விசுவாசம் இருந்தா தூக்கிப் போடு!"

கிறிஸ்டல் அழுதபடி மாத்திரை அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

டோரதி அக்காவின் உச்சந்தலை கொதித்த கொதிப்பில் ஒரு பானை காப்பி போட்டிருக்கலாம். பிசாசு உண்டா என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. பவுல் அடியார் சொன்ன போர்க்கவசத்தை, இடைக்கச்சை முதல் தலைச்சீரா வரை, தினமும் பல் தேய்க்கும் முன்பே ஜெபத்தில் அணிந்துகொள்கிறவர் அவர். ஆனால் பிசாசின் குலத்தொழில் பொய். அந்தப் பொய்யை ஆண்டவர் பேரிலேயே, அதுவும் சுவரில் மாட்டிய இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழேயே ஒருவன் கடை விரிப்பதா?

"யாரு குடுத்த அதிகாரம் இது?"

"கர்த்தர் குடுத்தது, ஆண்டி."

"அவரு தொழுநோயாளியக் குணமாக்கிட்டு, போய் குருகிட்டக் காட்டுன்னாரு. நீ டாக்டர்கிட்டயே போகாதங்கிற. அவர விடப் பெரிய ஆளா லா நீ?"

"இவங்களுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு!" என்று உறுமிய பாஸ்டர், "எல்லாரும் கண்ண மூடுங்க!" என்று உள்ளங்கையை உயர்த்தியபடி வந்தார். தாங்குகிற இருவரும் வழக்கப்படி அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கையை விரித்துக் கண்ணை மூடினார்கள்.

கிறிஸ்டலும் பெவர்லியும்கூட மூடினார்கள். அக்கா மூடவில்லை. ஜெபமாலை சுற்றிய கையைத் தூக்கினார்.

"பொய் பேசுற ஆவியே! என் பேருல இல்ல, இயேசுவின் பேருல சொல்றேன். இந்தப் பிள்ளைய விட்டுப் போ!"

பாஸ்டர் வெட்டிய வாழையாய் மல்லாந்தார். தாங்க ஆளில்லை, தாங்குகிறவர்கள்தான் தப்பான முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்களே! ஒலிபெருக்கி அவருக்கு அடியில் நசுங்கி, கொம்தார் கோபுரமே அதிரும்படி ஊளையிட்டது.

"தள்ளிட்டாங்க! கை வச்சுத் தள்ளிட்டாங்க!" என்று எழுந்தவர் மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. பெவர்லியும் அந்த இரண்டு ஆட்களும் பின்னாலேயே படியில் இறங்கி ஓடினார்கள்.

கிறிஸ்டல் தொட்டியருகே நின்றாள். "சித்தி, உண்மையச் சொல்லுங்க. தள்ளுனீங்களா?"

"நானா!"

"தள்ளியிருந்தா அது உங்க கோவம். அவரு சொன்னது சரியா இருந்தாலும் இருக்கும். நான் மாத்திரைய எடுக்க மாட்டேன்."

இத்தனை வருஷம் அளந்த கதையெல்லாம் இப்போது அக்காவுக்கே எதிர்சாட்சியாய் வந்து நின்றது. இன்றைக்கென்று நிஜமாகவே கை படவில்லை, சொன்னால் யார் நம்புவார்கள்?

கிறிஸ்டல் வாசலைப் பார்த்தாள். பாஸ்டரின் மைக் சத்தம் தாங்காமல் அப்போதே சண்டைக்கு வந்த பிச்சைமுத்து, கம்பிக் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார்.

"அங்கிள், நீங்க ஜெபத்துக்கு வரல, கண்ண மூடியிருக்க மாட்டீங்க. சித்தி சொல்ற எதையும் நம்புறவரும் இல்ல. நீங்களே சொல்லுங்க."

"கால் வழுக்கியிருக்கும்மா."

"தரை காஞ்சு கெடக்கு அங்கிள்."

"ஒயர் தடுக்கி..." என்று குனிந்து பார்த்தார். ஒயர் அந்தப்பக்கச் சுவரோரம் கிடந்தது.

"கை பட்டுச்சா, இல்லையா?"

பிச்சைமுத்து அக்காவை எரிச்சலோடு பார்த்தார். "படல."

கிறிஸ்டல் தொட்டிக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து, துடைத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். அக்கா தண்ணீர் கொண்டு வந்தார். பிள்ளை விழுங்கி முடித்ததும் பிச்சைமுத்து பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, இப்பவாச்சும் நம்புறியா?"

"நீங்க சொன்னா இப்பவும் நம்ப மாட்டேன்க்கா," என்றார் பிச்சைமுத்து. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஆளே நிக்கலாம், அவ்ளோ தூரம். நீங்க அந்தப் பேரச் சொன்னீங்க, அந்தாளு விழுந்தான். என்னத்தச் செய்ய, நடந்துச்சு லா. நானே பார்த்தேன்."