அட்டையோடு கேட்ட மாத்திரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஷார்ஜாவில் நான் போகும் மாலை நேர அரபி வகுப்பில் கிடைத்தது. அன்றைய பாடம் 'மருத்துவரிடம் பேசுதல்'. ஆசிரியர் யஹ்யா மருத்துவராக நடித்து, "மகளுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று அரபியில் கேட்டார். என் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குப் பதில் தெரியும். ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னாள். எழுதிக்கொள், பெயரை மாற்றிவிடு என்றாள். ஜெயபாரதி என்று வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: அஜ்மானில் அன்று வெயில்…

(வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: மாதவிலக்கு வந்தால் அகிலா குளியலறைத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டுவிடுவாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண். ஜெயபாரதி மகளின் அடிவயிற்றில் வெந்நீர்ப் பையைப் பிடித்தபடி, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைப்பாள். எப்போதும் அட்டையிலிருந்து பிரித்துத்தான்.

(இதை மட்டும் நினைவில் வையுங்கள்.)

ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் மாத்திரை வராத வீடு இங்கே இல்லை. ஜெயபாரதியின் பிஸ்கட் டப்பாவும் ஒரு மருந்துக்கடைதான்.

3

டாக்டர் ஜுலைஹா பீவி அகிலாவிடம் தமிழிலேயே பேசினார்.

"கர்ப்பப்பை இறுகிச் சுருங்குறதாலதான் இந்த வலி. தொடங்கும்போதே, சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டா நிறையப் பேருக்கு அடங்கிடும். உனக்கு?"

"ஜீரோ எஃபெக்ட் டாக்டர். என் பாடிதான் ப்ராப்ளம்."

"என்ன மாத்திரைம்மா கொடுக்குறீங்க?"

"ஊரு மாத்திரை டாக்டர்… பேரு ஞாபகமில்ல."

"ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. மாத்திரைக்கே கேக்கலேன்னா, மயக்கம் கொடுத்து, வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்துடலாம்."

ஜெயபாரதி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அவள் இதுவரை கொடுத்தது கால்சியம் மாத்திரை. 'வலி மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துடும்டி, நாளைக்கு இவளுக்கு ஒரு குழந்தை வேணாமா?' என்று பக்கத்து ஃபிளாட் பானுப்பிரியா சொன்ன நாளிலிருந்து.

"டாக்டர், வலி மாத்திரையால கர்ப்பப்பை…"

"யாரு சொன்னா? அளவோட போட்டா கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆகாது."

4

முதல் பிரதியில் இவளைப் பொல்லாதவளாக எழுதினேன். வெந்நீர்ப் பையைப் பிடித்த கை இடம் கொடுக்கவில்லை. நல்லவளாகத் திருத்தினேன். தரையில் கிடந்த பெண் இடம் கொடுக்கவில்லை. என் திகைப்பு இன்னும் தீரவில்லை.

ஒரு முடிவு: அங்கேயே சொல்லிவிடுகிறாள். டாக்டர் பேனாவை மூடுகிறார். அகிலா திரும்பி அம்மாவை

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இன்னொன்று: அடுத்த மாதம் நிஜ மாத்திரையைக் கொடுத்து, "பாத்தியா, கேட்டுடுச்சு" என்கிறாள். வசதியான முடிவு. ஆனால் அகிலா தன் உடம்பையே குறை சொல்லிக்கொண்டு கிடந்ததற்கு யார் பதில் சொல்வது?

5

படிக்கட்டில் ஜெயபாரதி கடைசியாகச் சொன்னது இது. கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முன் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் வாங்கி இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அகிலாவுக்கு அங்கேயே வலி தொடங்குகிறது.

"அம்மா, டேப்லெட்."

கைப்பையில் இரண்டு அட்டைகள். பாதி காலியான கால்சியம். தொடப்படாத வலி மாத்திரை. அம்மாவின் விரல்கள் பைக்குள்ளேயே ஒன்றைப் பிரிக்கத் தொடங்குகின்றன.

"பிரிக்காதம்மா. டாக்டர் டேப்லெட் பேரு கேட்டாங்கள்ல? அட்டையோட குடு."

கால்சியம் அட்டையைக் கொடுத்தால் உண்மை வெளிவரும், வலி போகாது. மற்றதைக் கொடுத்தால் வலி போகும், பொய் தங்கிவிடும். அதற்கு மேல் ஜெயபாரதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அகிலா கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். பைக்குள் இருக்கும் கை இனி உங்களுடையது.