தகட்டில் இருந்த பத்துக் குதிரை

உண்ணாமலை சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது ஒரு புளி உருண்டையால். பதினோரு மாதம் பாடுபட்டுக் கிளப்பிய நீராவிக் காரில், பாய்லர் பக்கம் கரியேறிக் கிடந்த பித்தளைத் தகடு ஒன்று மட்டும்தான் பாக்கி. அதையும் விட்டுவைப்பானேன் என்று புளி போட்டுத் தேய்த்தாள். நூறு வருஷத்து அழுக்கு போனதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது: 10 எச்.பி.

காரின் சொந்தக்காரர் கோபிநாத் குனிந்து படித்தார். முகம் சுருங்கிப்போயிற்று. இருபது வருஷம் குவைத்தில் கிரேன் ஓட்டிவிட்டு அறந்தாங்கிக்குத் திரும்பிய மனிதர். ஒரு பழைய பங்களாவை இடித்தபோது கொட்டகையில் கிடந்த இந்தக் காரை ஆசைப்பட்டு வாங்கியதே, மகள் காவ்யாவை இதில் உட்கார வைத்துப் பெண்ணழைப்பு ஊர்வலம் விடத்தான்.

"எங்க தோட்டத்து போர் மோட்டாரும் பத்துதானே," என்றார். "தண்ணி எறைக்கிற மோட்டார வச்சா எம்மக ஊர்வலம் போகணும்?"

இந்தப் பக்கத்தில் எச்.பி., அதாவது குதிரைத்திறன், தெரியாத ஆள் கிடையாது. அவ்வளவு ஆழத்துக்கு போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிற ஊர். யார் வீட்டு மோட்டார் ஐந்து, யார் வீட்டு மோட்டார் ஏழரை என்பது சம்பந்தம் பேசுகிற இடத்தில்கூட வந்துவிடும். வினையே அதுதான். ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் தகடு நன்றாக மின்னுகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

மறுநாளே கீரனூரிலிருந்து மெக்கானிக் ரெங்கராஜ் வந்து இறங்கினார். விபத்தில் அடிபட்ட ஒரு சின்ன பெட்ரோல் காரின் இஞ்சின் தன்னிடம் சும்மா கிடக்கிறது, முப்பத்தேழு எச்.பி., பாய்லரையும் நீராவி இஞ்சினையும் கழற்றிவிட்டு அதை உள்ளே வைத்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை வேலை தொடங்குவது என்று முடிவாயிற்று.

உண்ணாமலைக்கு அது பொறுக்கவில்லை. அறந்தாங்கியில் நெல் அவிக்கிற ரைஸ் மில் ஒன்றில் ஒன்பது வருஷமாக பாய்லர் ஓட்டுகிறவள் அவள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள். அந்த பாய்லர் முதலாளியுடையது. காரில் இருப்பது அப்படியா? நானூற்றுச் சொச்சம் செம்புக் குழாயையும் ஒவ்வொன்றாகத் தன் கையால் செருகி, தண்ணீரை அழுத்தி ஏற்றி, ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் சோதித்து முடித்தது. அதை வெட்டிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவார்கள். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? பத்தை விட முப்பத்தேழு பெரிசு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரே ஒரு சந்தேகம்தான் அவளை அரித்தது. முதல் தடவை நீராவியைக் கொஞ்சம் திறந்தபோதே இந்த வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல் பாய்ந்து வைக்கோல் போரில் போய் முட்டியது. பத்துக் குதிரை அப்படிப் பாயுமா?

விடை மில்லில் கிடைத்தது. புதன்கிழமை காலை, ஊறவைத்த நெல்லுக்கு நீராவியைத் திறந்துவிட்டாள். காது அடைக்கிற சத்தத்தோடு பாய்ந்தது. அழுத்தமானியின் முள் சரசரவென்று இறங்கியது. மூடியதும், அடுப்பில் உமி எரிய எரிய, முள் மெதுவாக ஏறியது. ஒன்பது வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் உறைத்தது. அடுப்பு கால் மணி நேரம் பாடுபட்டுச் சேர்த்ததை வால்வு ஒரே நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது! உண்ணாமலை வாய்விட்டுச் சிரித்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்கள். வேலை முடிந்ததும் ஆபீசில் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கோபிநாத் வீட்டுக்கு ஓடினாள். ரெங்கராஜும் அங்கேதான் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க மாடித் தொட்டிய நெனச்சுப் பாருங்க," என்றாள் மூச்சு வாங்க. "மோட்டாரு ஒரு மணி நேரம் ஏத்துற தண்ணி, அடிக் கொழாயத் தொறந்தா அஞ்சு நிமிஷத்துல பாய்ஞ்சுருதுல்ல. இதுல பாய்லருதான் தொட்டி. தகட்டுல உள்ள பத்து, நாள் பூரா நெருப்பு ஏத்துற கணக்கு. தொறந்து விட்டா பாயுற கணக்க அதுல எழுதல."

பெட்ரோல் இஞ்சினுக்கு இப்படிச் சக்தியைச் சேர்த்துவைக்கிற தொட்டியே கிடையாது என்றும், அந்த முப்பத்தேழு அது உச்ச வேகத்தில் அலறும்போது மட்டும் கிடைப்பது என்றும், நின்ற இடத்தில் அதில் பாதிகூட இராது என்றும் மளமளவென்று சொன்னாள். ரெங்கராஜ் சிரித்தார். வாய்ப்பந்தல் போடாமல் கண்மாய்க்கரை ஏற்றத்தில் காட்டச் சொன்னார். அவளும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை பாதி ஊர் கரையில் நின்றது. ஒரு சின்ன டிரெய்லரில் பத்து நெல் மூட்டை. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, நின்ற நிலையிலிருந்து இழுத்து மேலே ஏற வேண்டும். இழுத்துவிட்டால் பாய்லர் பிழைத்தது. இல்லாவிட்டால் நாளைக்கு வெட்டு.

ரெங்கராஜ் அதே ரக இஞ்சின் உள்ள தம்முடைய முப்பத்தேழு எச்.பி. காரையே கொண்டுவந்திருந்தார். இஞ்சின் கத்தியது, டயர் புழுதியைக் கிளப்பியது, கிளட்ச் கருகி நாறியது. வண்டி முன்னால் போவதற்குப் பதில் இரண்டடி பின்னால் வந்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினார்கள்.

அடுத்து உண்ணாமலை. நான் இல்லாமலா என்று காவ்யாவும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழுத்தமானி முள் நானூற்றில் நின்றது. உண்ணாமலை நீராவி திறக்கும் நெம்பியை விரல்கடை அளவு தள்ளினாள். சத்தமே இல்லை. டிரெய்லர் ஒரு முனகு முனகியது. அவ்வளவுதான், பத்து மூட்டையும் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். புஸ் புஸ் என்று வண்டி ஒரே மூச்சில் கரைமேல் ஏறி நின்றது. கரை அதிர விசில் பறந்தது. உண்ணாமலைக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ரெங்கராஜ் தொழில் தெரிந்தவர். விசிலைக் கேட்கவில்லை, முள்ளைப் பார்த்தார். நூற்றிருபதுக்கு இறங்கியிருந்தது. "இங்கேருந்து புதுக்கோட்டை வரைக்கும் என் வண்டிக்கு ஈடு குடுத்து ஓடுமா?" என்று கேட்டார்.

கோபிநாத் அவளையே பார்த்தார். ஓடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாய்லர் பிழைத்துவிடும். பொய்யான அளவைச் சொல்லி பாய்லர் ஓட்டியவள் இல்லை அவள்.

"ஓடாது," என்றாள். "தொட்டி காலியாயிட்டா நெருப்பு ஏத்துறதுதான். அப்ப இது பத்துதான். தகடு பொய் சொல்லல."

கோபிநாத்தின் முகம் மறுபடி சுருங்கத் தொடங்கியது. வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த காவ்யாதான் முள்ளைக் காட்டினாள்.

"அக்கா, ஏறுதே. சும்மா நிக்கிறப்பயும் ஏறுமா?"

"நிக்கிறப்பதான் நல்லா ஏறும்."

கோபிநாத் விரலை மடக்க ஆரம்பித்தார். கோயில் வாசலில் தேங்காய் உடைக்க ஒரு நிறுத்தம், கடைத்தெருவில் வெடிக்கு ஒன்று, மேளக்காரர் ராகம் எடுத்தால் நகரவே விடமாட்டார், பங்காளி வீடு, மாமன் வீடு, ஆரத்தி. எண்ணி முடித்தபோது பதினேழு வந்தது. ஒன்றரை மைல் ஊர்வலத்தில் பதினேழு நிறுத்தம். ரெங்கராஜைத் திரும்பிப் பார்த்தார்.

ரெங்கராஜ் காதைச் சொறிந்தார். "என் இஞ்சின் அதுல கொதிச்சுரும்ணே. கிளட்ச்சும் தாங்காது." பிறகு, அளவெடுத்த காகிதத்தைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கோபிநாத் தம்முடைய துண்டை எடுத்து, புழுதி படிந்திருந்த அந்தப் பித்தளைத் தகட்டைத் தாமே துடைத்தார்.

"உண்ணாமலை, பதினெட்டாந்தேதி பொண்ணழைப்புக்கு மில்லுல லீவு சொல்லிரு. நீதான் ஓட்டணும்."

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேண்ணே," என்றாள் உண்ணாமலை.